ஹைப்ரிட் பேட்டரிக்குப் பாதிப் பணம்தானா?

கேள்வி: சென்னை வேளச்சேரியில் இருக்கிறேன். என் ஸ்ட்ராங் ஹைப்ரிட் காருக்கு (பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்தது, 1490 சிசி) இரண்டரை வயது. மழையில் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நின்றபோது சீட் வரை தண்ணீர் ஏறிவிட்டது. ஃபுல் இன்ஷூரன்ஸ் உண்டு; பம்பர் டு பம்பர் (தேய்மானப் பிடித்தம் இல்லாமல் தரும் ஆட்-ஆன், அதாவது கூடுதல் கவர்) எடுக்கவில்லை. ஹைப்ரிட் பேட்டரிக்கு 50 சதவீதம் பிடித்தம் என்கிறார்கள். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரை ‘எலெக்ட்ரிக்கல் பிரேக்டவுன்’ என்று சொல்லி முழுதாகவே மறுத்துவிட்டார்கள். 8 வருட பேட்டரி வாரன்டி இருக்கிறதே என்று ஷோரூமில் கேட்டால் கையை விரிக்கிறார்கள். எலெக்ட்ரிக் காருக்கான பிரீமியம் சலுகையாவது எனக்குக் கிடைக்குமா?

பதில்: முதலில் வாரன்டியை மறந்துவிடுங்கள். அது தயாரிப்புக் குறைக்கான உத்தரவாதம். வெள்ளத்துக்கும் விபத்துக்கும் பொருந்தாது. ‘வாரன்டி இருக்கும்போது ஆட்-ஆன் எதற்கு?’ என்று வண்டி விற்கும் இடத்தில் சொல்வதை நம்பித்தான் பலர் உங்களைப் போல மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்வெர்ட்டர் விஷயத்தில் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. பாலிசியின் சொந்தச் சேதப் பிரிவில் வெள்ளம் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்ட ஆபத்து. எலெக்ட்ரிக்கல் பிரேக்டவுன் விலக்கு, பாகம் தானாகப் பழுதாவதைக் குறிப்பது. வெளியிலிருந்து தண்ணீர் புகுந்து கெட்டது அதில் வராது. இதை நிரூபிக்க சர்வீஸ் சென்டரின் ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்குங்கள். சில ஹைப்ரிட்களில் பி0ஏஏ6 என்ற கோட் வரும். உயர் மின்னழுத்தச் சுற்றின் இன்சுலேஷன் போய்விட்டது என்பது அதன் பொருள். கோட் மட்டும் போதாது. இன்வெர்ட்டரைத் திறந்தபோது உள்ளே தெரிந்த சேறு, தண்ணீர்க்கோடு ஆகியவற்றின் படங்களும் வேண்டும். திறப்பது, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் முன்னிலையில் நடக்கட்டும். உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிற வயர்களை நீங்களே தொட்டுப் பார்க்காதீர்கள்.

தண்ணீர் வடிவதற்குள் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினீர்களா? அழுத்தியிருந்தால் மறைக்க வேண்டாம். ‘நனைந்த வண்டியை இயக்கியதால் வந்த பின்விளைவுச் சேதம்’ என்று வாதிடுவார்கள். ஹைப்ரிட்டில் பட்டன் அழுத்தியதுமே இன்ஜின் சுழன்றாக வேண்டும் என்பதில்லை. ஸ்கேன் பதிவில் அந்த நேரத்து ஆர்பிஎம் (இன்ஜின் சுழற்சி வேகம்) பூஜ்யமாக இருந்தால், இன்ஜின் விஷயத்தில் அந்த வாதம் எடுபடாது. பேட்டரி, இன்வெர்ட்டர் பற்றிய கேள்வி அப்போதும் மிச்சமிருக்கும்.

பேட்டரியில் அவ்வளவு நம்பிக்கை வைக்காதீர்கள். பாலிசியின் தேய்மானப் பட்டியலில் டயர், பிளாஸ்டிக்கோடு ‘பேட்டரிகள்’ என்றும் எழுதி 50 சதவீதம் போட்டிருக்கிறது. சாதாரண 12 வோல்ட் பேட்டரிக்கான வரி அது, வண்டியை ஓட்டும் இழுவை பேட்டரி வேறு, ஐயம் இருந்தால் பாலிசியை எழுதியவருக்கு எதிராகவே பொருள் கொள்ள வேண்டும் என்று வாதிடலாம். வென்றால் பிடித்தம் 15 சதவீதமாகக் குறையும். இரண்டு முதல் மூன்று வயது வண்டியின் மற்ற பாகங்களுக்கு அதுதான் விகிதம். இன்வெர்ட்டர் கிளெய்மிலும் அந்த 15 சதவீதம் போகும்.

‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற வவுச்சரில் கையெழுத்துப் போட வேண்டாம். பணம் அவசரம் என்றால் ‘ஆட்சேபத்துடன் பெறுகிறேன்’ என்று எழுதி வாங்குங்கள். மறுப்பை எந்த ஷரத்தின்படி என்று எழுத்தில் கேளுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலும் கேளுங்கள். அடுத்து நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் (பாலிசிதாரர் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) ஒரு வருடத்துக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் கூடாது. நீங்களேதான் பேச வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருட அவகாசம் உண்டு. அங்கே வழக்கு நிலுவையில் இருந்தால் ஆம்பட்ஸ்மன் புகாரை எடுக்கமாட்டார். ஆகவே முதலில் ஆம்பட்ஸ்மன்.

பிரீமியம் சலுகைக்கு வருவோம். சட்டத்தின் கண்ணில் உங்கள் கார் எலெக்ட்ரிக் அல்ல. பச்சை நம்பர் பிளேட்டும் கிடையாது, 15 சதவீதச் சலுகையும் கிடையாது. 2022 ஜூன் 1 முதல் ஹைப்ரிட்டுக்கு 7.5 சதவீதம் உண்டு. அதுவும் தேர்டு பார்ட்டி (பிறருக்கு நேரும் சேதத்துக்கான) பகுதியில் மட்டும். அந்த 2022 கட்டணத்தில் 1000 முதல் 1500 சிசி வரை ஆண்டுக்கு 3,416 ரூபாய். சலுகை சுமார் 256 ரூபாய். பாலிசியில் அதைக் கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள். எரிபொருள் கட்டத்தில் வெறும் ‘பெட்ரோல்’ என்று இருந்தால், ஆர்சி நகலை வைத்துத் திருத்தக் கேளுங்கள்.