எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர் உரிமம் வாங்க வேண்டுமா?

அன்புடையீர், வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலைப் பட்டம்) முடித்த உங்களிடம், 'அரசு சமூகப்பணியாளர் உரிமம்' வாங்கித் தருவதாக ஒரு முகவர் 15,000 ரூபாய் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து பணம் கொடுத்துவிடாதீர்கள். இந்தியாவில் தொண்டு நிறுவனத்திலோ பள்ளியிலோ சமூகப்பணியாளராக வேலை பார்க்க, மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பது போன்ற உரிமம் எதையும் சட்டம் கேட்பதில்லை. பல்கலைக்கழகம் தந்த பட்டமும், மேற்பார்வையாளர் கையொப்பமிட்ட உங்கள் களப்பணிக் குறிப்பேடும் அந்த முகவரின் பிளாஸ்டிக் அட்டையைவிடப் பெரிய சான்றுகள். நேர்காணலுக்குப் போகும்போது அந்தக் குறிப்பேட்டை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

மனநலத் துறைக்குச் செல்ல விரும்பினால் நிலைமை வேறு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சமூகப்பணியில் முதுகலைப் பட்டத்தோடு, மேற்பார்வையுடன் கூடிய மருத்துவமனைப் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு முழுநேர மனநல சமூகப்பணி எம்.ஃபில். (ஆய்வியல் நிறைஞர்) படிப்பையும் முடித்தவரே மனநல சமூகப்பணியாளர் ஆவார். அவரைப் பதிவு செய்யும் பொறுப்பு மாநில மனநல ஆணையத்துடையது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்றவை இந்த எம்.ஃபில். படிப்பை நடத்திவந்திருக்கின்றன. ஆனால், பொதுவாக எம்.ஃபில். நிறுத்தப்பட்ட பிறகு, இதற்கான சேர்க்கையைப் பல்கலைக்கழக மானியக் குழு 2025-26 கல்வியாண்டு வரை மட்டுமே நீட்டித்தது. ஆகவே விண்ணப்பிக்கும் முன், இப்போது எந்தப் படிப்பு நடக்கிறது, அதை ஆணையம் பதிவுக்கு ஏற்கிறதா என்று கல்வி நிறுவனத்திடமும் மாநில மனநல ஆணையத்திடமும் எழுத்துமூலமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.