ஜெபிக்க நேரமில்லை என்பவருக்கு ஒரு கடைக்கணக்கரின் பதில்

கேள்வி: வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு என்றே நாள் ஓடிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதைத் தவிர கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றுமில்லை. உங்கள் அன்றாட வாழ்க்கையில் விசுவாசத்தை எப்படிக் கடைப்பிடிக்கிறீர்கள்?

பதினைந்து வருடங்களுக்கு முன் கேட்டிருந்தால் நீளமாக உபதேசம் செய்திருப்பேன். இப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதையும் ஒழுங்காகச் செய்யத் தவறியவன் என்ற முறையில்தான் சொல்ல முடியும்.

நான் காரைக்குடியில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பிறந்தது சருகணிப் பக்கம். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் ஓரியூர் மண் ஒரு பொட்டலம் எப்போதும் இருக்கும். 1693 பிப்ரவரி 4 அன்று, இங்கே மறைபணி செய்த இயேசு சபைக் குரு புனித அருளானந்தர் தலை வெட்டப்பட்ட இடத்து மண். அவர் இரத்தத்தால் சிவந்தது என்பது எங்கள் ஊர்களில் பிள்ளைகள் பேசப் பழகும்போதே கேட்டுவிடும் கதை. காய்ச்சல் வந்தால் முதலில் நெற்றியில் அந்த மண், பிறகுதான் வைத்தியர். அம்மாவுக்கு ஜெபிக்க நேரம் கிடைத்ததா என்று நான் யோசித்ததே இல்லை. நாற்று நடும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். எனக்கு அந்த வரம் வாய்க்கவில்லை. கணக்கு எழுதும்போது உதடு அசைந்தால் கூட்டல் தப்பிவிடும்.

எனக்கு வாய்த்தது வேறு. தேவகோட்டையில் இயேசு சபைக் குருக்கள் நடத்திய பள்ளியில் படித்தேன். விடுதியில் இரவுச் சாப்பாடு முடிந்து படுக்கப் போகும் முன் பத்து நிமிடம் மௌனம். ஆன்ம சோதனை என்பார்கள். அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்து, கிடைத்ததற்கு நன்றி சொல்லி, உள்ளதை உள்ளபடி காண ஒளி கேட்டு, காலையிலிருந்து மணிவாரியாக நடந்துவந்து, தவறியதற்கு மன்னிப்புக் கேட்டு, நாளைக்கு ஒரு தீர்மானம் எடுப்பது. பதினாலு வயதில் அது எங்களுக்குத் தூங்கி விழும் நேரம். பக்கத்தில் இருப்பவன் தலை எப்போது சாயும் என்று பார்ப்பதுதான் அன்றைய பெரிய சுவாரசியம்.

பிறகு கடையில் சேர்ந்தேன். எங்கள் முதலாளி பழைய ஆள். கம்ப்யூட்டரில் டேலி வந்த பிறகும் கையால் எழுதும் குறிப்பேட்டை விடமாட்டார். சித்திரை பிறந்தால் புதுப் பேரேட்டின் முதல் பக்கத்தில் அவரே பிள்ளையார் சுழி போட்டு, மகமைக்கு ஒரு வரி எழுதிவிட்டு என்னிடம் தள்ளுவார். சாமிக்கு உரிய பங்கு முதலில் ஏறிவிடும், வியாபாரம் அப்புறம். நான் அடுத்த வரியிலிருந்து தொடங்குவேன். இதில் அவருக்கும் சங்கடமில்லை, எனக்கும் இல்லை. கடை அடைக்கும் முன் கல்லாவை எண்ணி, குறிப்பேட்டோடு ஒத்துப் பார்த்து, ஒரு ரூபாய் உதைத்தாலும் வீட்டுக்குப் போகக்கூடாது என்பது செட்டிநாட்டுக் கடைகளில் எழுதாத சட்டம். அப்படி ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்கு ஏழு ரூபாயைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் விடுதியில் நாங்கள் தூங்கி வழிந்தது என்ன என்று புரிந்தது. ஏழு ரூபாய்க்கு இவ்வளவு நேரம் உட்காருகிறவன், முழு நாளை எண்ணாமல் போய்ப் படுக்கிறேனே.

பிறகு படித்துப் பார்த்தேன். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் இளம் வயதில் காஸ்தில் நாட்டின் தலைமைக் கணக்கர் வீட்டில் வளர்ந்தவர். அவருடைய ஆன்மப் பயிற்சி நூலுக்குப் போப்பாண்டவரின் ஒப்புதல் கிடைத்தது 1548இல். அதில் ஒரு அட்டவணையே இருக்கிறது. வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு ஜோடிக் கோடுகள். நீ விட நினைக்கும் ஒரு குறையில் எத்தனை தடவை விழுந்தாயோ அத்தனை புள்ளி வைக்க வேண்டும். மதியம் வரை மேல் கோட்டில், இரவு வரை கீழ்க் கோட்டில். பிறகு மதியத்தோடு இரவையும், நேற்றோடு இன்றையும், போன வாரத்தோடு இந்த வாரத்தையும் ஒப்பிட வேண்டும். இதைப் பார்த்ததும் சொந்தக்காரரைக் கண்டதுபோல் இருந்தது எனக்கு. அதைவிடப் பிடித்தது, தினமும் செய்யும் பொதுச் சோதனையில் நன்றியை முதலில் வைத்தது. வரவை எழுதாமல் பற்றை எழுதினால் அது கணக்கில்லை.

நேரமில்லை என்கிறீர்கள். மத்தேயுவை இயேசு கூப்பிட்டது சுங்கச்சாவடியில், வேலை நேரத்தில். கணக்கர்களுக்குப் பாதுகாவலர் அவர்தான். ஆகவே நேரத்தைப் பற்றிப் பெரிதாக விசாரப்படாதீர்கள். பத்து நிமிடம் போதும். நான் பழைய வீடு ஒன்றின் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறேன். பாத்திரம் கழுவும் சத்தம் அடங்கிய பிறகு, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு பாயைப் போட்டு உட்காருவேன். மண்டியிட்ட காலம் போய்விட்டது, முட்டி ஒத்துழைப்பதில்லை. யாரோ கொடுத்த பழைய டைரி ஒன்று. தலைப்பில் ஒரு சிலுவை, அதற்குக் கீழே நாலைந்து வரி. காலையில் ஐம்பது பேருக்கு வசனப் படம் அனுப்புவதை நான் விட்டுவிட்டேன். அது அவர்களுக்கும் நிம்மதி.

சுற்றிலும் எல்லோரும் வேறு சமயத்தவராயிற்றே, கஷ்டமில்லையா என்று சிலர் கேட்பார்கள். மாறாக, நினைவூட்டிக்கொண்டே இருப்பது அவர்கள்தான். திருநீற்றுப் புதனன்று செக்காலைக் கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு கடைக்குப் போனால், முதலாளி வீட்டு ஆச்சி பார்த்துவிட்டு, “இன்றைக்கு நீங்களும் விபூதி பூசிவிட்டீர்களா?” என்பார். அதே ஆச்சி பிள்ளையார் நோன்பு வந்தால், திருக்கார்த்திகைக்கு மறுநாள் தொடங்கி, புது வேட்டியிலிருந்து நாளுக்கு ஒரு நூலாக எடுத்து வைப்பார். இருபத்தொரு நூல் சேர்ந்ததும் திரியாக்கி, இழைமாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். கிறிஸ்துமஸுக்குத் தயாராகும் எங்கள் திருவருகைக் காலமும் ஏறக்குறைய அதே நாட்களில்தான் வரும். கல்லாவின் அந்தப் பக்கத்தில் ஒரு நாளும் தவறாமல் நூல் எடுக்கிறவர் இருக்கும்போது, இந்தப் பக்கத்தில் நான் மூன்று நாள் டைரியைத் திறக்காமல் இருந்தால் வெட்கமாக இருக்காதா?

இனி, நான் தவறியது.

சில வருடங்களுக்கு முன் பொங்கல் நெருக்கம். வெண்கலப் பானை, கல்யாணச் சீர் என்று கடையில் நிற்க இடமில்லை. எங்களிடம் கல்லல் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் வேலைக்கு இருந்தான். மொபெட்டில் போய் வெளியூர்ப் பாக்கி வசூல் செய்து வருவது அவன் வேலை. அன்று புதுவயலில் ஓட்டல் வைத்திருப்பவரிடம் வாங்கி வந்த பணத்தையும் சீட்டையும் என்னிடம் நீட்டினான். கூட்டத்தில் எண்ணாமல் கல்லாவில் போட்டேன். சீட்டைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதினேன். இரவு எண்ணினால் 2,700 ரூபாய் குறைகிறது. முதலாளி, “வெளி வசூல் யார் கொண்டு வந்தது?” என்றார். “புதுவயல் வசூல் தம்பி கொண்டு வந்தது” என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

“அண்ணே, எண்ணித்தானே அண்ணே கொடுத்தேன்” என்றான் பையன், முதலாளியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து. நான் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மாதம் 900 வீதம் மூன்று தவணையாகச் சம்பளத்தில் பிடிப்பது என்று முடிவாயிற்று. அவனை நிறுத்தாமல் விட்டதே முதலாளியின் பெருந்தன்மை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்றைய இரவு டைரிப் பக்கம் இன்னும் இருக்கிறது. “மனைவியிடம் எரிந்து விழுந்தேன். ஜெபமாலை மூன்றாவது தேவ இரகசியத்தில் தூங்கிவிட்டேன்.” இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். பையனைப் பற்றி ஒரு வரி இல்லை. மறுநாளும் இல்லை. மூன்று மாதமும் இல்லை. தினமும் சோதனை செய்துகொண்டுதான் இருந்தேன். என் கோபம், என் சோம்பல், என் கவனச்சிதறல் என்று எனக்குப் பழக்கமான ஊர்களிலேயே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன்.

மார்ச் கணக்கு முடித்து ஐந்தொகை எடுக்கும் நேரம். புதுவயல்காரர் பாக்கி தீர்க்க வந்தார். எங்கள் கணக்கைப் பார்த்தவர், தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து விரித்து, “கணக்கரய்யா, நான் இன்னும் 2,700 கூடத் தர வேண்டுமே, குறைத்துப் போட்டிருக்கிறீர்கள்” என்றார். அவர் கொடுத்தது 5,820. நான் வரவு வைத்திருந்தது 8,520. சீட்டைத் தேடி எடுத்தேன். பையனின் கையெழுத்தில் 5,820 என்று மணிமணியாக இருந்தது.

அன்று தவக்கால வெள்ளி. மாலையில், இயேசுவின் பாடுகளைப் பதினாலு தலங்களில் நின்று தியானிக்கும் சிலுவைப் பாதைக்குப் போனேன். முதல் தலத்திலேயே இயேசுவைச் சாவுக்குத் தீர்ப்பிட்டுப் பிலாத்து கை கழுவுகிறான். பதினாலு தலத்தையும் முடித்துவிட்டு பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் நின்றேன். முழுக்கக் கேட்ட சாமியார், “பையனிடம் சொல்லிவிட்டீர்களா?” என்றார். இல்லை என்றேன். காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் உன் சகோதரனிடம் போ என்று மலைப்பொழிவில் வருகிறதே, அதை ஞாபகப்படுத்தினார். “நாளைக் காலையில் கடை திறந்ததும் சொல்லுங்கள். முதலாளி இருக்கும்போதே சொல்லுங்கள்” என்றார். அந்த இரண்டாவது வாக்கியம் இல்லாமல் இருந்திருந்தால் நான் பையனைத் தனியே அழைத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்து முடித்திருப்பேன்.

மறுநாள் காலை சாம்பிராணிப் புகை அடங்கும் வரை காத்திருந்து சொன்னேன். முதலாளி குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொல்லி அந்த வரியில் விரலை வைத்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “2,700 ஒன்பதில் போகிறதே. அன்றைக்கே உங்களுக்குத் தோன்றவில்லையா?” என்றார். கணக்கு எழுதாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இலக்கம் இடம் மாறி எழுதினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். குறைகிற தொகை ஒன்பதில் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உன் பேனாவை என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்று அதை வகுத்துப் பார்க்கவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான்.

கடை அவனுக்கு 2,700 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தது. நற்செய்தியில் வரும் வரி வசூலிப்பவன் சக்கேயு, ஏமாற்றி வாங்கியிருந்தால் நான்கு மடங்கு திருப்பித் தருகிறேன் என்றான். நான் ஒரு சட்டைத் துணி எடுத்து வைத்திருந்தேன். பையன் பணத்தை வாங்கி, என் முன்னாலேயே இரண்டு தடவை எண்ணி, பையில் வைத்துக்கொண்டு, வந்திறங்கிய சரக்கின் சணலை அறுக்கப் போய்விட்டான். துணி மேசைமேலேயே கிடந்தது. ஜூன் மாதம் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு என் சோதனையில் ஒரு மாற்றம் செய்தேன். கட்டளைவாரியாகவோ குறைவாரியாகவோ இப்போது பார்ப்பதில்லை, ஆள்வாரியாகப் பார்க்கிறேன். பேரேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் இருப்பதுபோல. காலையில் பால் ஊற்றியவர், பஸ்ஸில் இடித்தவர், கடையில் நின்ற பையன்கள், வீட்டில் மனைவி. ஒவ்வொருவரிடமும் என்ன வாங்கினேன், என்ன சொன்னேன், சொல்ல வேண்டியதில் எதை விழுங்கினேன். சிலருடைய பக்கத்தில் வெறும் வரவாகவே இருக்கும், அது ஒரு மாதிரி கூச்சமாக இருக்கும். பத்து நிமிடத்தில் எல்லோரும் முடியாது. முடிந்த வரைக்கும் முடித்துவிட்டு, முடியாதவர்களை ஆண்டவரிடம் விட்டுவிட்டுத் தூங்குவேன்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் இன்று இரவு மூன்றே பேரோடு தொடங்குங்கள். நன்றியை மட்டும் முதலில் எழுதிவிடுங்கள்.

போன தை மாதம் அந்தப் பையன் கடைக்கு வந்தான். தங்கை கல்யாணத்துக்குச் சாமான் எடுக்க. மீசையெல்லாம் வைத்து ஆள் மாறியிருந்தான். பானை, குத்துவிளக்கு, குடம் என்று பார்த்துப் பார்த்து எடுத்தான். பில் போட்டுக் கொடுத்தேன். அதை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தான். கூட்டலையும் ஒரு தடவை போட்டுப் பார்த்தான். நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

“சரியாக இருக்கிறது அண்ணே” என்று பணத்தை எண்ணிக் கொடுத்தான். நானும் எண்ணி வாங்கினேன்.