கல்யாண ராத்திரிக்குத் தாராளமாகப் போங்க தம்பி

பெருங்குடலை எடுத்து இலியாஸ்டமி பை (சிறுகுடல் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து, கழிவு இறங்குவதற்காக ஒட்டும் பை) வைத்த பிறகு, கோபிசெட்டிபாளையத்தில் நண்பன் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி பீர் குடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதே பைதான். தாராளமாகப் போங்கள். குடிக்க மட்டும் முதலில் உங்கள் சர்ஜனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் ஒரு சொட்டும் வேண்டாம்.

பெரிய தொல்லை உடம்பில் தண்ணீர் குறைவதுதான். உப்பையும் நீரையும் உறிஞ்ச நமக்குப் பெருங்குடல் இல்லை. மது வேறு சிறுநீராக நீரை வெளியேற்றும். அதனால் இடையிடையே ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) குடியுங்கள். வெறும் வயிற்றில் ஆரம்பிக்காதீர்கள். பீர் காற்றால் பை உப்பும், அதையும் எதிர்பாருங்கள்.

நம்ம ஊரில் சைடு டிஷ்ஷையும் பார்க்கணும். பள்ளிபாளையம் சிக்கனில் பல்லுப் பல்லாகத் தேங்காய் கிடக்கும். பேச்சு மும்முரத்தில் சரியாக மெல்லாமல் விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். கறியை எடுத்துக்கொண்டு தேங்காயைத் தட்டோரம் ஒதுக்கிவிடுங்கள். வறுத்த கடலையும் அப்படித்தான்.

மண்டபத்துக் கழிவறை எங்கே என்று போனவுடன் பார்த்து வையுங்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்யுங்கள். மாற்றுப் பை கையில் இருக்கட்டும். அப்புறம், வயிறு முறுக்கி, பையில் எதுவும் இறங்காமல் வாந்தியும் வந்தால், விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.