இராணுவ ஏலத்தில் போன சக்திமான் லாரியைச் சாலையில் ஓட்ட முடியுமா?

கேள்வி: இராணுவத்தில் ஓடிய, 1972-இல் தயாரான சக்திமான் லாரி ஒன்றைப் பழைய இரும்பு வியாபாரியிடம் வாங்கி, நான்கு ஆண்டுகளாகச் சீரமைத்து வருகிறேன். அவர் எழுதிக் கொடுத்த ரசீதைத் தவிர வேறு ஆவணம் இல்லை. சேஸிஸ் எண் (வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த அடையாள எண்) உள்ள இடம் துருப்பிடித்திருப்பதால், அதை வெட்டி எடுத்துப் புதிய தகட்டில் எண்ணைப் பொறித்துவிடலாம் என்கிறார் வெல்டர். பாரம்பரிய வாகனமாகப் பதிவு செய்து, பழைய இராணுவப் பச்சை நிறத்திலேயே கண்காட்சிகளுக்கு ஓட்டிச் செல்ல முடியுமா?

பதில்: முதலில் வெல்டரை நிறுத்துங்கள். உங்கள் லாரியையும் இராணுவப் பதிவேட்டையும் இன்று இணைத்து வைத்திருப்பது அந்த எண் ஒன்றுதான். நல்லெண்ணத்துடன் செய்தாலும், வெட்டி ஒட்டிய எண் திருட்டு வாகனம் என்ற சந்தேகத்தையே எழுப்பும். கிரைண்டர் வைக்காமல், துரு நீக்கும் திரவத்தைத் தடவி மெதுவாகத் துடைத்து, மேலே சாக்பீஸைத் தேய்த்துப் பாருங்கள். பொறித்த பள்ளங்களில் வெள்ளை தங்கி, எண்கள் பெரும்பாலும் படிக்கும்படி தெரியும். தெரிந்ததும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாரம்பரிய வாகனப் பதிவு உங்களுக்குப் பொருந்தாது. 2021-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட அந்தப் பகுதி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர வாகனங்களையும், சொந்த உபயோகத்துக்கான நான்கு சக்கரப் பயணிகள் வாகனங்களையும் மட்டுமே குறிக்கிறது. சரக்கு வாகனம் எத்தனை பழையதானாலும் அதில் வராது. ஜபல்பூரில் தயாராகி, ஒரு தலைமுறை வீரர்களைச் சுமந்த லாரிக்கு அந்த வரையறையில் இடமில்லாமல் போனது வருத்தத்திற்குரிய குறை என்பதே என் கருத்து. ஆனாலும் இன்றைய சட்டம் இதுதான்.

எனவே வழக்கமான பதிவே வழி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 60-ஆம் பிரிவின்படி, பாதுகாப்புப் பணிக்கெனப் பதிவான வாகனம் அப்பணியிலிருந்து விலகியதும் 39, 40 ஆகிய பிரிவுகளுக்கு உட்படுகிறது. அதாவது, மற்ற வாகனங்களைப் போலவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவாக வேண்டும். விண்ணப்பத்துடன், முன்னாள் இராணுவ வாகனம் என்றால், உரிய அதிகாரிகள் படிவம் 21-இல் வழங்கிய அசல் விற்பனைச் சான்றிதழை வைக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் விதி 47. வியாபாரியின் ரசீது அதற்கு ஈடாகாது. லாரி வாகனமாக ஏலம் போனதா, வெறும் இரும்பாக ஏலம் போனதா என்பதைப் பொறுத்தே உங்கள் விஷயம் முடிவாகும். வியாபாரியிடம் ஏல லாட் எண்ணையும் (ஏலத்தில் அந்தச் சரக்குக்குக் கொடுத்த எண்), பணம் கட்டிய ரசீதையும், சரக்கை வெளியே எடுத்த உத்தரவையும் எழுத்துமூலம் கேளுங்கள்; கிடைத்ததும், ஏலம் விட்ட அலுவலகத்துக்கு லாட் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் குறிப்பிட்டுச் சான்றிதழ் கோரி விண்ணப்பியுங்கள். இரும்பாக விற்கப்பட்டிருந்தால் அச்சான்றிதழ் கிடைப்பது அரிது. அந்நிலையில் லாரியை நிலையான காட்சிப் பொருளாகப் பாதுகாப்பதே ஏற்றது.

சொந்தத் தோட்டத்துக்குள் ஓட்டினால் பதிவு தேவையில்லை என்று பலர் நம்புகிறார்கள். 39-ஆம் பிரிவு பொது இடத்தோடு நிற்காமல், ‘வேறு எந்த இடத்திலும்’ பதிவில்லாத வாகனத்தை ஓட்டக் கூடாது என்கிறது. நிறுத்திய இடத்திலேயே எஞ்சினை இயக்கிப் பார்ப்பது வேறு, ஓட்டுவது வேறு. கண்காட்சிக்குச் செல்ல வேண்டுமானால், டிரெய்லரில் ஏற்றிச் செல்லுங்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை, ஆலிவ் பச்சையை மத்திய மோட்டார் வாகன விதிகள் பாதுகாப்புத் துறை வாகனங்களுக்கே ஒதுக்கியுள்ளன. பதிவுக்குக் கொண்டுபோகும் முன் வேறு நிறம் அடித்துவிடுங்கள். அம்புக்குறியிட்ட இராணுவ எண் பலகையும் கூடாது. மனம் ஒப்பாது என்பது புரிகிறது. பழைய வண்ணத்தின் அடுக்கு ஒன்றை டேஷ்போர்டுக்கு அடியில் சுரண்டாமல் விட்டுவையுங்கள். வண்டியின் வரலாறு அங்கே இருக்கும்.

மூல எஞ்சின் கிடைக்காமல் வேறு எஞ்சின் பொருத்த நினைத்தால், வாகனத்தில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் 52-ஆம் பிரிவை மறக்க வேண்டாம். தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து வாகனத்தை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிப்படுத்தியுள்ளது. அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவு இடம் தருகிறது.

சான்றிதழ் கிடைத்து விண்ணப்பித்த பிறகும் பதிவு மறுக்கப்பட்டால், வாய்மொழிப் பதிலோடு திரும்பி வராதீர்கள். காரணங்களுடன் கூடிய உத்தரவின் நகலைப் பெற 45-ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. அது கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் 57-ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யலாம்.