குளிர்ல பிரேக் புடிச்சுக்குதா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கனடாவுல எட்மன்டன்ல ஒர்க்‌ஷாப் வேலை, அதுக்கு முன்னாடி கோயம்புத்தூர்ல. இங்க மைனஸ் 30 வந்துட்டா காலைல வர்ற போன்ல பாதி "வண்டி நகர மாட்டேங்குது"ன்னு தான் இருக்கும். உங்க கேள்விய போடுங்க, ஒவ்வொண்ணா பாக்குறேன்.

கேள்வி (கால்கரி): ராத்திரி ஹேண்ட் பிரேக் போட்டு விட்டேன், காலைல மைனஸ் 28. லீவர் இறங்குது, ஆனா பின்னாடி ஒரு வீல் சுத்தாம ஐஸ்ல அப்படியே வழுக்கிட்டு வருது. என்ன ஆச்சு?

பதில்: ரெண்டுல ஒண்ணு. ஹேண்ட் பிரேக் கேபிள் ஒரு குழாய் மாதிரி உறைக்குள்ள ஓடும், அதோட ரப்பர் கிழிஞ்சிருந்தா தண்ணி உள்ள போயி உறைஞ்சு கேபிள் திரும்பி வராது. இல்லன்னா கேபிள் சரியா தான் இருக்கும், ட்ரம்முக்குள்ள ஈரம் உறைஞ்சு ஷூ (ட்ரம்ம உள்ளருந்து அழுத்தி நிறுத்துற பிரேக் கட்டை) ட்ரம்மோட ஒட்டிக்கிட்டு இருக்கும், முதல் நாள் கார் வாஷ் போயிட்டு வந்து நேரா ஹேண்ட் பிரேக் போட்டிருந்தீங்கன்னா அனேகமா இதான். எப்படி கண்டுபுடிக்கிறது? லீவர இறக்கிட்டு குனிஞ்சு வீல் பக்கம் கேபிள தொட்டுப் பாருங்க. விறைப்பா இருந்தா கேபிள், தொளதொளன்னு இருந்து வீல் மட்டும் புடிச்சிருந்தா ஷூ. ஷூன்னா ட்ரம்ம சுத்தியலால பக்கவாட்டுல லேசா தட்டுங்க, அப்புறம் ரிவர்ஸ் பர்ஸ்ட்னு மெதுவா ஆட்டுங்க, டப்புன்னு விடும். ஆக்ஸிலேட்டர ஏத்தி இழுக்காதீங்க, ஷூல ஒட்டியிருக்குற லைனிங் பிச்சுக்கிட்டு வந்துடும். கேபிள்னா ஹீட்டர் இருக்குற இடத்துல நிறுத்தி இளக்கலாம், ஆனா அது அடுத்த குளிருக்கு மறுபடி உறையும், கேபிள மாத்துறது தான் வழி. சமதரைல நிறுத்துனா ஆட்டோமேட்டிக்க பார்க்ல போட்டுட்டு, டயருக்கு ஒரு கட்டை வச்சுட்டு போங்க, இந்த சீசன்ல ஹேண்ட் பிரேக்கே வேண்டாம்.

கேள்வி: சுடுதண்ணி ஊத்தலாமா?

பதில்: வேண்டாங்க. அஞ்சு நிமிஷத்துல அதுவும் ஐஸ் ஆயிடும், முன்ன விட மோசமா. சூடா கொட்டுனா இரும்பு விரிசல் விடவும் வாய்ப்பு இருக்கு. ஹேர் ட்ரையர் இருந்தா அத வச்சு பொறுமையா ஊதுங்க.

கேள்வி (ஸ்கார்பரோ): அண்ணை, பத்து நிமிஷம் ஓடினாலே முன் வலது சில்லு கை வைக்கேலாத சூடு, கார் அந்தப் பக்கம் இழுக்குது. கராஜில காலிப்பர் மாத்தோணும் எண்டு சொல்லிச்சினம், மாத்தி ரெண்டு கிழமையில திரும்பவும் அதே கதை. என்ன செய்யிறது?

பதில்: இந்தக் கதைய நான் ரொம்ப கேட்டிருக்கேன். முதல்ல பிடிச்சிருக்குறது பிரஷராலயா இல்ல துருவாலயான்னு பாத்துட்டு தான் பார்ட்ஸ் வாங்கணும், அத யாரும் பாக்குறதில்ல.

வண்டிய ஜாக்கி போட்டு ஸ்டாண்டுல நிறுத்திக்கங்க, வெறும் ஜாக்கிய நம்பாதீங்க. எஞ்சின் ஓடுறப்ப பிரேக்க நாலஞ்சு தடவ நல்லா மிதிச்சு விட்டுட்டு வீல கையால சுத்துங்க. சுத்த மாட்டேங்குதா? காலிப்பர்ல (பிஸ்டனால பேட்ட தள்ளி டிஸ்க்க கவ்வுற பாகம்) இருக்குற பிளீடர் ஸ்குரூவ, அதாவது ஆயிலையும் காத்தையும் வெளிய விடுற சின்ன ஸ்குரூவ, கொஞ்சமா திறங்க. பிரேக் ஆயில் சர்ருன்னு பீச்சி உடனே வீல் ப்ரீ ஆனா, உள்ள பிரஷர் மாட்டிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், காலிப்பர் மேல தப்பே இல்ல. திறந்தும் அசையலன்னா தான் பிஸ்டன், பின், பேட்னு போகணும்.

பிரஷர் தான்னா அடுத்து ஹோஸ், அதாவது காலிப்பருக்கு ஆயில் கொண்டு போற குழாய். ரப்பர் ஹோஸ் வெளிய பாக்க புதுசு மாதிரி இருக்கும், உள்ள சுவர் வீங்கி ஒரு வால்வு மாதிரி வேலை செய்யும், நீங்க மிதிக்கிற அழுத்தத்துக்கு ஆயில் உள்ள போயிடும், திரும்பி வர வழி இருக்காது. மறுபடி வீல் புடிக்கிற வரைக்கும் மிதிச்சுட்டு, இந்த தடவ பிளீடர விட்டுட்டு ஹோஸுக்கு மேல ஸ்டீல் பைப் சேர்ற நட்ட லூஸ் பண்ணுங்க. அங்க விட்டும் வீல் ப்ரீ ஆகல, பிளீடர்ல விட்டா ஆகுதுன்னா ஹோஸ் தான். அங்கயே ப்ரீ ஆயிடுச்சுன்னா கோளாறு மேல, மாஸ்டர் சிலிண்டர் (பெடல மிதிச்சா ஆயில தள்ளுற பாகம்) பக்கம், ஆனா அப்படின்னா பெரும்பாலும் ஒரு வீல் மட்டும் புடிக்காது. உங்களுக்கு ஹோஸ்னு தான் எனக்கு தோணுது. முடிச்சதும் ஆயில் லைன்ல புகுந்த காத்த வெளிய எடுக்க மறக்காதீங்க.

கேள்வி (வின்னிபெக்): எனக்கு பிளீடர் திறந்தும் ப்ரீ ஆகல. ஆனா கோடைல இந்தப் பிரச்சனையே இல்ல, குளிர்ல மட்டும் ஏன்?

பதில்: நல்ல கேள்வி. காலிப்பர் பிஸ்டன பின்னாடி இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. அதச் சுத்தி ஒரு ரப்பர் சீல் இருக்கு, பிரேக் மிதிக்கும்போது அது முறுக்கிக்கும், விட்டதும் பழைய நிலைக்கு வர்றப்ப பிஸ்டனையும் ஒரு மயிரிழை உள்ள இழுக்கும், அவ்வளவு தான். குளிர்ல ரப்பர் விறைச்சா அந்த இழுப்பு குறையும். கூடவே ரோட்ல போடுற உப்பால ஸ்லைடு பின் (காலிப்பர் அப்படி இப்படி நகர்றதுக்கு இருக்குற கம்பி) துரு ஏறி, கிரீஸ் காய்ஞ்சிருந்தா காலிப்பர் நகராது. கோடைல எப்படியோ சமாளிச்சிருக்கும்.

பேட்ட கழட்டிப் பாருங்க. உள்பக்க பேட் தேய்ஞ்சு வெளிப்பக்கம் அப்படியே இருந்தா பெரும்பாலும் ஸ்லைடு பின். பேட்டோட காது (ரெண்டு ஓரத்துலயும் நீட்டிக்கிட்டு இருக்குற பகுதி) அத தாங்குற பிராக்கெட்ல துருவோட இறுகிக்கிட்டு இருக்கான்னும் பாருங்க, கம்பி பிரஷ் போட்டு தேய்ச்சா பாதி வண்டி அதுலயே சரியாயிடும். பின்னுக்கு பிரேக்குக்குன்னே விக்கிற சிலிக்கான் கிரீஸ் மட்டும் தான். ஊர்ப் பழக்கத்துல நான் வந்த புதுசுல பேரிங் கிரீஸ அப்பி விட்டேன், பெட்ரோலிய கிரீஸ் பட்டா ரப்பர் ஊதிடும்னு அப்ப மண்டைல ஏறல, ரெண்டு வாரத்துல அதே வண்டி அதே வீல் புடிச்சு திரும்பி வந்துச்சு. முதலாளி ஒண்ணும் சொல்லல, ஒரு மாதிரி பாத்தாரு.

கேள்வி (ஊட்டி): எங்களுக்கு உறைபனி தான், மைனஸ் 30 எல்லாம் இல்ல. ரெண்டு நாள் நிறுத்திட்டு எடுத்தா "டக்"னு ஒரு சத்தம், அப்புறம் சரியாயிடுது.

பதில்: டிஸ்க்லயும் ட்ரம்லயும் லேசா துரு பூத்து ஒட்டியிருக்கும், ஒண்ணுமில்லீங்க. மேட்டுல நிறுத்துனா பர்ஸ்ட் கியர் போட்டு கல்லு வைங்க, பழைய பழக்கம் தான். நாலு பிரேக் புடிச்சப்புறமும் கரகரன்னு வந்தா தான் காட்டணும்.

கேள்வி: பிரேக் ஆயில் உறைஞ்சிடுமா?

பதில்: உறையாது, கெட்டியாகும். டாட் 3, டாட் 4னு வர்ற பிரேக் ஆயில் ரகம் எல்லாம் மைனஸ் 40ல எவ்வளவு கெட்டியாகலாம்னு வரம்பு வச்சு தான் செய்யிறாங்க. அது காத்துல இருக்குற ஈரத்த உறிஞ்சும், அதனால உள்ள துருவும் ஏறும், பிரேக் சூடாகும்போது சீக்கிரம் கொதிக்கவும் செய்யும். புது டாட் 3 கொதிக்க குறைஞ்சது 205 டிகிரி வேணும், ஈரம் ஏறுனதுக்கு 140 தான் கணக்கு. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்துங்க.

கேள்வி: எனக்கு வீல் புடிக்கல, காலைல பெடல் கல்லு மாதிரி இருக்கு, மிதிச்சா வண்டி நிக்கவே மாட்டேங்குது.

பதில்: இது வேற நோய், இங்க இருக்குற எல்லாத்தையும் விட ஆபத்து. பூஸ்டருக்கு (எஞ்சினோட வேக்குவத்த வச்சு உங்க மிதிக்கு பலம் சேர்க்குற பாகம்) போற வேக்குவம் ஹோஸ்லயோ செக் வால்வுலயோ ஈரம் உறைஞ்சிருக்கலாம். எஞ்சின ஆப் பண்ணிட்டு நாலு தடவ மிதிங்க, கால மிதிச்சபடியே வச்சு ஸ்டார்ட் பண்ணுங்க, பெடல் லேசா கீழ இறங்கணும். இறங்கலன்னா வண்டிய எடுக்காதீங்க.

கேள்வி: வீல்ல லேசா கருகுன வாசம் வருது. சனிக்கிழமை வரைக்கும் ஓட்டலாமா? ஆபீஸ் 40 கிலோமீட்டர்.

பதில்: கூடாது. பேட்டும் டிஸ்க்கும் போறது ஒரு பக்கம், வீல் பேரிங் கிரீஸ் உருகும், ஆயில் கொதிச்சா பெடல் அடிவரைக்கும் போயிடும், புகை வந்து தீ புடிச்ச வண்டியும் உண்டு. இப்ப ரோட்ல இருந்தீங்கன்னா ஓரங்கட்டிட்டு ஆற விடுங்க, தண்ணி ஊத்தாதீங்க, டோ வண்டிய கூப்பிடுங்க.