பூட்டிய வெளிவட்டு தானாக மவுண்ட் ஆகவில்லை: இரண்டு யூயூஐடிகள்

வணக்கம் அண்ணே. தண்ணீர்மலை தைப்பூசப் படங்கள் உள்ள லக்ஸ் வட்டு (லினக்ஸில் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய வட்டு) தானாக மவுண்ட் ஆவதில்லை, அதாவது திறந்து பயன்பாட்டுக்கு வருவதில்லை, செருகாமல் கணினியைத் திறந்தால் ஒன்றரை நிமிடம் நின்று எமர்ஜென்சி மோடுக்குப் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். கவலைப்படாதீர்கள், இது வட்டின் கோளாறு போலத் தெரியவில்லை.

நீங்கள் ஒட்டிய வரிகளில் கிரிப்ட்டேப் (எந்தப் பூட்டிய வட்டைத் திறப்பது என்று சொல்லும் கோப்பு), எஃப்எஸ்டேப் (எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் கோப்பு) இரண்டிலும் ஒரே யூயூஐடி, அதாவது ஒரே அடையாள எண், இருக்கிறது. அங்கேதான் சிக்கல். வட்டைத் திறந்த பிறகு டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே -எஃப் என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். கிரிப்டோ_லக்ஸ் என்று காட்டும் வரியில் ஒரு யூயூஐடி, அதற்குக் கீழே ஈஎக்ஸ்டி4 வரியில் வேறொன்று. முதலாவது, பூட்டிய வெளிப்பெட்டியின் எண், அது கிரிப்ட்டேப்புக்கு. இரண்டாவது உள்ளே இருக்கும் கோப்பு முறைமையின் எண். எஃப்எஸ்டேப்புக்கு அதுதான் வேண்டும்.

அப்புறம் இரண்டு கோப்பிலும் இந்த வட்டின் வரியில் நோஃபெயில் சேருங்கள், வட்டு செருகாவிட்டாலும் கணினி நிற்காமல் திறக்கும். ஒன்றில் மட்டும் போட்டுவிட்டு நானும் பட்டர்வொர்த் வீட்டில் ஓர் இரவு முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன்.

கடவுச்சொல்லுக்குப் பதிலாக வட்டைத் திறக்கும் சாவிக்கோப்பு மடிக்கணினியில் இருந்தால் அதன் உள்வட்டும் பூட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் இரண்டையும் எடுத்துப்போகிறவர் படங்களைத் திறந்துவிடுவார்.

முக்கியமாக, எதையும் மாற்றுவதற்கு முன் லக்ஸ் ஹெடரை (வட்டின் தொடக்கத்தில் பூட்டின் சாவி விவரங்கள் இருக்கும் பகுதியை) இன்னொரு பென்டிரைவில் நகலெடுத்து வையுங்கள். அது அழிந்தால் கடவுச்சொல் தெரிந்திருந்தும் படங்கள் திரும்பாது.