ஒரே வகுப்பு, நாலு விதமான ஆங்கிலம்: எதை எதிர்பார்ப்பது நியாயம்?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் ஓர் உதவிபெறும் நடுநிலைப்பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். இங்கிலீஷ் மீடியத்திலிருந்து மாறி வந்தவர்கள் கொஞ்சம் பேர். அப்பாவோடு சில வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்த பையன் ஒருவன். எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுகிறவர்கள் கொஞ்சம் பேர். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைத்தால் பாதி வகுப்பு விழுகிறது. ஆளுக்கு ஒன்று வைத்தால், “அவனுக்கு மட்டும் ஏன் ஈஸி?” என்று கேட்கிறார்கள். தமிழில் பேசினால் அபராதம் போடச் சொல்கிறார் தலைமையாசிரியர். நான் என்ன செய்ய?

பதில்: “ஏன் ஈஸி?” என்ற சண்டையை முதலில் தீர்த்துவிடுவோம். எட்டாம் வகுப்பில் 100 மதிப்பெண்ணில் 60 பருவ முடிவில் வரும் தொகுத்தறித் தேர்வுக்குப் போகிறது. அந்த வினாத்தாள் எல்லோருக்கும் ஒன்றுதான், இருக்கட்டும். மீதி 40 பருவத்தின் நடுவே வகுப்பிலேயே நடக்கும் வளரறி மதிப்பீடு. அதில் செயல்பாடுகளுக்கு உரிய 20 பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கிறது. பிள்ளை பருவத் தொடக்கத்தில் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதற்கு அந்த 20ஐ வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பேசுகிறவனுக்கும் அது சும்மா கிடைக்கக் கூடாது, அவனும் நகர்ந்தாக வேண்டும். இந்த விதியை முதல் வாரமே பலகையில் எழுதி, தமிழிலேயே விளக்கிவிடுங்கள். முன்கூட்டியே தெரிந்த விதியோடு பிள்ளைகள் மல்லுக்கு நிற்பதில்லை.

அப்புறம், யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய தேர்வெல்லாம் வேண்டாம். மூன்றாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஆங்கிலத்தில் சொல்லும் நாலைந்து சின்ன வேலைகளைச் செய்யச் சொல்லுங்கள். ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். ஒரே பிள்ளைக்கு இந்த மூன்றும் மூன்று மட்டத்தில் இருப்பது சகஜம். வளைகுடா போய்வந்த பையன் கடகடவென்று பேசுவான், எழுத்தில் தடுமாறலாம். முத்து முத்தாக எழுதுகிற பெண் பலகையைப் பார்த்து எழுதுவதில் மட்டும் கெட்டியாக இருக்கலாம். மனப்பாடக்காரர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். ‘எ ரெய்னி டே’ கட்டுரையைத் தங்குதடையில்லாமல் ஒப்பிக்கிறவளிடம் மழையை எடுத்துவிட்டு, காற்று பலமென்று படகுகள் கடலுக்குப் போகாத ஒரு நாளைப் பற்றி மூன்று வரி கேளுங்கள். அவளுடைய உண்மையான ஆங்கிலம் அந்த மூன்று வரியில் தெரிந்துவிடும்.

இனி திருத்தும் விஷயம். நியாயமும் அநியாயமும் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. வீட்டைப் பற்றி எழுதச் சொன்னால், ஒரு பிள்ளை இப்படி எழுதித் தருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்: “மை ஃபாதர் போட் கோ. நைட் கோ மார்னிங் கம். டுடே நோ ஃபிஷ். மதர் சேட்.” சிவப்புப் பேனாவை எடுத்தால் தாள் முழுக்க ரத்தக்களறிதான். ஆனால் படித்துப் பாருங்கள். யார், எதில், எப்போது போனார், என்ன கிடைத்தது, வீட்டில் என்ன ஆனது, எல்லாம் இருக்கிறது. வரிசையும் சரி. பொருளுக்கு முழு மதிப்பெண் போடுங்கள். மொழிக்குக் குறைத்துப் போடுங்கள், உண்மை நிலவரத்தை மறைப்பது அவனுக்கு உதவாது. இரண்டையும் தனித்தனியாக எழுதிக் காட்டுங்கள்.

அடுத்து அவனிடம் எதைக் கேட்பது? நம்மில் பலர் முதலில் பிடித்துக்கொள்வது ‘கோஸ்’, ‘கம்ஸ்’ என்று கடைசியில் வரும் அந்த ‘ஸ்’. விதி சுலபமாகத் தெரிவதால் வரும் ஆசை இது. ஆனால் எந்தத் தாய்மொழிக்காரராக இருந்தாலும், ஆங்கிலம் கற்பவர்களுக்கு மிகத் தாமதமாகப் படிகிற விஷயங்களில் அதுவும் ஒன்று. விதியை ஒப்பிப்பார்கள், எழுதும்போது விட்டுவிடுவார்கள். ‘எ’, ‘தி’ சங்கதியும் அப்படித்தான், அதற்கு நிகரான ஏற்பாடு தமிழில் இல்லை. அதனால் இவனுக்கு முதலில் ‘மதர் இஸ் சேட்’ என்பதில் வரும் ‘இஸ்’ஸைக் கொடுங்கள். ‘அவர் டீச்சர்’ என்று வினைச்சொல்லே இல்லாமல் தமிழில் வாக்கியம் முடிந்துவிடுகிறது, ஆங்கிலத்தில் முடியாது. இந்த ஒரு வேறுபாட்டைத் தமிழிலேயே ஐந்து நிமிடம் சொன்னால் போதும். இரண்டு வாரத்துக்கு அதை மட்டும் திருத்துங்கள். மற்றப் பிழைகள் கண்ணில் பட்டாலும் விட்டுவிடுங்கள். கை பரபரக்கத்தான் செய்யும்.

அதே தலைப்புக்கு இங்கிலீஷ் மீடியப் பிள்ளை ஐந்து வரி பிழையில்லாமல் எழுதி, ஐந்தும் ‘மை ஹவுஸ் இஸ் பியூட்டிஃபுல்’ ரகமாக இருந்தால், முழு மதிப்பெண் போடாதீர்கள். ‘பிகாஸ்’ வைத்து இரண்டு காரணம், ‘வென்’ வைத்து ஒரு சம்பவம் கேளுங்கள். கேள்வி எல்லோருக்கும் ஒன்று, அடுத்த படிதான் ஆளுக்கு ஆள் வேறு. “அவனுக்கு மட்டும் ஏன்?” என்று கேட்டவனிடம் இந்த இரண்டு தாளையும் பெயரை மறைத்துக் காட்டலாம்.

எவ்வளவு காலம் ஆகும் என்பதிலும் நிதானம் வேண்டும். கனடாவில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், அன்றாடப் பேச்சு பிடிபட ஏறக்குறைய 2 வருடமும், பாடநூல் மொழியில் சக மாணவர்களை எட்ட 5 முதல் 7 வருடமும் ஆகிறது என்றார். அங்கே பள்ளிக்கு வெளியே தெரு, கடை, டிவி எல்லாம் ஆங்கிலம். நம் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பீரியட். அதனால் ஒரே பருவத்தில் சரளம் வரும் என்று பெற்றோரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். அதற்காக எல்லாவற்றையும் தளர்த்திவிடவும் முடியாது. இன்னும் இரண்டு வருடத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, 35 எடுத்தால்தான் தேர்ச்சி. பிள்ளை எந்த நிலையிலிருந்து வந்தது என்று அங்கே தாள் திருத்துபவருக்குத் தெரியாது. இதையும் மாணவர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

வீட்டுப்பாடத்தில் உங்கள் ஊர்க் கணக்கைப் பார்க்க வேண்டும். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பள்ளி திறக்கிற சமயம் அந்த வீடுகளில் கையில் காசு புரளாது, உடனே டிக்‌ஷனரி வாங்கி வா, சார்ட் வாங்கி வா என்று சொல்வது சரியில்லை. அம்மா கடல்பாசி எடுக்கப் போகும் நாட்களில் மூத்த பெண்தான் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வாள். வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் இருந்தால்தான் செய்ய முடியும் என்கிற வேலைக்கு மதிப்பெண் வைக்காதீர்கள். அதைவிட, வீட்டில் தமிழில் கேட்டு வந்து வகுப்பில் ஆங்கிலமாக்கும் வேலை கொடுங்கள். கச்சான் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும், வாடைக்காற்று எப்போது வரும், மரிக்கொழுந்துப் பாசியை எப்படிக் காயவைப்பார்கள்? தாத்தாவிடமோ அம்மாவிடமோ கேட்டால் தெரிந்துவிடும். இதில் ஒரு லாபம் உண்டு. சரளமாகப் பேசுகிறவனுக்கு விஷயம் தெரியாது, விஷயம் தெரிந்தவளுக்கு ஆங்கிலம் வராது. பக்கத்தில் உட்கார வையுங்கள், இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுத்தான் தீர வேண்டியிருக்கும்.

கேள்வி கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், 3 நொடியாவது பொறுத்தால் பதில் நீள்கிறது, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே கண்டார். அவர் பார்த்தது தாய்மொழியில் படிக்கிறவர்களை. மனசுக்குள் தமிழிலிருந்து மாற்றிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் கூடவே கொடுக்கலாம்.

கடைசியாக அபராதம். வேண்டாம். கட்டப்போவது கையில் காசில்லாத, ஆங்கிலம் வராத பிள்ளைதான், காசுக்குப் பயந்து வாயையே மூடிக்கொள்ளும். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. இந்த அபராதம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது என்பது என் கருத்து. ஆனால் தலைமையாசிரியரிடம் சட்டத்தை முதலில் நீட்டாதீர்கள். அவர் கேட்பது வகுப்பில் ஆங்கிலம் காதில் விழ வேண்டும் என்பதைத்தான், அது நியாயமான ஆசை. பீரியடில் 10 நிமிடம் ஆங்கிலம் மட்டும் என்று வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். ‘ஒன்ஸ் மோர், ப்ளீஸ்’, ‘ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்’, ‘ஹௌ டு ஐ சே திஸ் இன் இங்கிலீஷ்?’ போன்ற வாக்கியங்களைச் சுவரில் ஒட்டிவிடுங்கள், திணறுகிறவர்கள் பார்த்துச் சொல்லட்டும். ஒரு மாதம் கழித்து, பிள்ளைகளை முன்கூட்டித் தயார் செய்யாமல், அந்த 10 நிமிடத்துக்கு அவரையே வகுப்பில் வந்து உட்காரச் சொல்லுங்கள். அபராதப் பேச்சை அதற்கு மறுநாள் எடுப்பதுதான் உங்களுக்கு வசதி.